ஜன்னலைத் திறப்பதா, ஹீட்டரைப் போடுவதா?

கேள்வி: எனக்கு ஊர் தூத்துக்குடி. வயது 28. கோயம்புத்தூரில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் குன்னூர் கிளையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் மாற்றலாகி வந்தேன். பழைய கல் கட்டடம், உயரமான கூரை, ஒரே பெரிய அறை, மொத்தம் பதினோரு பேர். என் இருக்கை ஜன்னலை ஒட்டி. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து காலையில் விரல் மரத்துப்போய் டைப் அடிக்க முடியவில்லை. சொந்தக் காசில் 2,000 வாட்ஸ் ஃபேன் ஹீட்டர் வாங்கி மேசைக்குக் கீழே வைத்தேன். எதிரே உட்காரும் சீனியர் மேடத்துக்கு (ஐம்பது வயது இருக்கும்) அது பிடிக்கவில்லை. தலை வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று ஜன்னலைத் திறந்துவிடுகிறார். நான் மூடினால் மறுபடி திறக்கிறார். ஒருநாள் நான் சாப்பிடப் போன நேரத்தில் ஹீட்டர் பிளக்கையே பிடுங்கிவிட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு சார், "இதெல்லாம் ஒரு குளிரா? ஜனவரிக்கு என்ன பண்ணப்போறீங்க?" என்று சிரிக்கிறார். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் "கடற்கரை ராணி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். என் ஹீட்டரும் கம்ப்யூட்டர்களும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருப்பதால் இரண்டு முறை கரண்ட் டிரிப் ஆகி, அந்தப் பழியும் என் தலையில். வாட்ச்மேன் அண்ணன், கரி அடுப்பு மூட்டி வைத்தால் எல்லாருக்கும் ஆகுமே என்கிறார். வாசல் பக்கம் உட்காரும் ஆபீஸ் அசிஸ்டென்ட் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பேசாமல் இருக்கிறார். மேனேஜரிடம் போனால் "உங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்கோங்க" என்கிறார். தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடலாமா?

– பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்: சகோதரி, மெயிலைப் பற்றி அப்புறம் பேசுவோம். பணியிட நலம் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியவை இரண்டு: அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கரி அடுப்பும்.

2,000 வாட்ஸ் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரணச் சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர். ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் வேண்டும், அதுவும் சுவரிலிருந்து நேராக. கம்ப்யூட்டர்களோடு ஒரே பாக்ஸில் சொருகினால் ஒயர் சூடாகிக்கொண்டே இருக்கும். டிரிப் ஆனது நல்லதுக்குத்தான், அது தன் வேலையைச் செய்திருக்கிறது. பழைய கட்டடம் என்கிறீர்கள். எங்காவது பழைய ஃப்யூஸ் கட்டை இருந்து, "அடிக்கடி போகுதே" என்று யாராவது தடிமனான கம்பியாகச் சுற்றி வைத்தால் அடுத்தது சுவருக்குள் தீதான். இந்த வாரம் முதல் அந்த ஹீட்டரை அந்தப் பாக்ஸில் போடாதீர்கள். உங்கள் எதிரியின் கட்சிக்கு நான் போய்விட்டதாக நினைக்க வேண்டாம், இன்னும் நிறைய இருக்கிறது.

கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். வாட்ச்மேன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். திறந்த வெளியில் குளிர் காய்கிற பழக்கம் அவருக்கு. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. முதலில் லேசாகத் தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வருவதுபோல இருக்கும். அதற்குப் பிறகு எழுந்து கதவைத் திறக்கிற தெம்பு இருக்காது. மலையில் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்துக் காலையில் எழாதவர்களைப் பற்றிய செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. புகைபோக்கி இருக்கும் கணப்புகூட, புகைபோக்கியைச் சுத்தம் செய்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியாதவரை மூட்டக்கூடாது.

சரி, சண்டைக்கு வருவோம்.

சமவெளி அலுவலகங்களில் இந்தத் தகராறு ஏசி ரிமோட்டைச் சுற்றி நடக்கும். 24 டிகிரியா, 20 டிகிரியா என்று ஓர் எண்ணையாவது வைத்துக்கொண்டு அடித்துக்கொள்வார்கள். மலையில் அந்த எண்ணும் இல்லை. ஒரு பக்கம் ஜன்னல் கொக்கி, இன்னொரு பக்கம் பிளக். இரண்டையும் கேட்காமலே தொட்டுவிடலாம், அதுதான் வினை. நீங்கள் கேட்காமல் மூடினீர்கள், அவர் கேட்காமல் திறந்தார். பிளக்கைப் பிடுங்கியது கட்டாயம் தவறு. ஆனால் ஹீட்டரை வைப்பதற்கு முன் எதிரே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

மெட்ராஸ் மாகாண நிர்வாகம் வெயிலுக்குப் பயந்து ஒவ்வொரு கோடையிலும் ஃபைல்களைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவந்த காலம் உண்டு. வந்தவர்கள் கணப்பும் சிம்னியும் வைத்துக் கட்டிக்கொண்டார்கள். இன்று அந்த மாதிரிக் கட்டடங்களில் சிம்னியை அடைத்து ஃபைல் அலமாரி வைத்திருக்கிறோம். குளிருக்கென்று கட்டிய வீட்டிலிருந்து குளிர்காயும் வழியை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கல்தான். கல் சுவர் ராத்திரிக் குளிரை வாங்கி வைத்துக்கொண்டு பகல் முழுக்க மெல்ல மெல்ல விடும். நல்ல வெயில் நாளில் வெளியே நின்றால் இதமாகவும் உள்ளே வந்தால் நடுக்கமாகவும் இருப்பது இதனால்தான்.

உடம்பின் சூடு காற்றுக்கு மட்டும் போவதில்லை. பக்கத்தில் குளிர்ந்த சுவரோ கண்ணாடியோ இருந்தால் அதற்கும் நேராகப் போகிறது. ஒரே அறையில், காற்றின் வெப்பநிலை ஒன்றாகவே இருக்கும்போதும், ஜன்னல் ஓரத்தில் இருப்பவருக்குக் குளிரும், நடுவில் இருப்பவருக்குக் குளிராது. "இதெல்லாம் ஒரு குளிரா" என்று கேட்ட சார் எங்கே உட்காருகிறார் என்று பாருங்கள். ஜன்னலிலிருந்து நாலு மேசை தள்ளி, மூன்று கம்ப்யூட்டர்களின் சூட்டுக்கு நடுவில் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

முன்னூறு ரூபாய்க்கும் குறைவாகவே ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும். ஒன்று வாங்கி, உங்கள் மேசையில் ஒருநாள், மேடத்தின் மேசையில் ஒருநாள், வாசலில் ஒருநாள் வைத்து, காலை பத்துக்கும் மதியம் மூன்றுக்கும் என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். சுவர் இழுக்கும் சூட்டை அது முழுதாகக் காட்டாது, ஆனாலும் பேச ஒரு பிடி கிடைக்கும். பிரிட்டனில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு அறை குறைந்தது 16 டிகிரி இருக்க வேண்டும் என்று வழிகாட்டி நெறி உண்டு. அது நம்மூர் மேனேஜரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் மேசை பத்து மணிக்கு 14 காட்டினால், அது செல்லம் கொஞ்சுவதல்ல என்று அவருக்குப் புரியவைக்கலாம். கூடவே நீங்கள் கணக்குப் பிரிவுக்காரர், அவரிடம் கணக்காகவே பேசலாம். 2004இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஓர் அலுவலகத்தில் அளந்தபோது, அறை 20 டிகிரியாக இருந்தபோது டைப்பிங் பிழைகள் 25 டிகிரியில் இருந்ததைவிட மிகவும் அதிகமாக இருந்தன. ஒரே அலுவலகத்தில் செய்த சிறிய ஆய்வு, அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். மரத்த விரல் வவுச்சர் எண்ணைத் தப்பாக அடிக்கும் என்பதற்கு ஆய்வு வேண்டுமா என்ன.

அடுத்தது உடம்பு. டென்மார்க்கில் ஃபாங்கர் என்ற பேராசிரியர் 1970இலேயே இதைக் கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போனார். காற்றின் சூடு, சுற்றியுள்ள பரப்புகளின் சூடு, காற்றோட்டம், ஈரம், உடுப்பு, உடம்பு செய்யும் வேலை என்று ஆறு விஷயங்கள் சேர்ந்துதான் ஒருவருக்கு இதமா இல்லையா என்று முடிவாகிறது. ஆறையும் கச்சிதமாக வைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேருக்குப் பிடிக்காது என்பதும் அவர் கண்டதுதான். பதினோரு பேருக்கும் பிடித்த ஒரு குளிர் உங்கள் ஆபீஸில் வரப்போவதில்லை. அதைத் தேடுவதை எல்லாரும் விட்டுவிடலாம்.

அந்தக் கணக்கிலும் ஓர் ஓரவஞ்சனை இருந்தது. அலுவலக வெப்பநிலைக்கான பழைய அளவுகோல் எழுபது கிலோ எடையுள்ள நாற்பது வயது ஆணை மனதில் வைத்துப் போட்டது என்றும், பெண்களின் உடம்பு உண்டாக்கும் சூட்டை அது 35 சதவீதம் வரை கூட்டிக் காட்டக்கூடும் என்றும் 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். அதை வைத்து "பெண்கள் எல்லாருக்கும் குளிரும்" என்று சொல்லிவிட முடியாது. உங்கள் அறையில் ஜன்னலைத் திறப்பவரும் பெண்தானே.

அந்த மேடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பதை ஒட்டிய வயதில் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீர் திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி, குப்பென்று வியர்த்து, சில நிமிஷத்தில் அடங்கி, உடனே குளிரெடுக்கும். வெளியே ஐஸ் கொட்டினாலும் அந்த நிமிஷம் ஜன்னலைத் திறக்கத்தான் தோன்றும். அவருக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் சூடு தாங்காது. சில மாத்திரைகளுக்கும் வியர்க்கும். ஒன்றுமே இல்லாமல், உங்கள் ஃபேன் ஹீட்டர் ஊதும் வறண்ட சூடு நேராக அவர் முகத்தில் அடிப்பதாகவும் இருக்கலாம். எதுவானாலும் பதினோரு பேர் இருக்கும் அறையில், அதுவும் ஆண்கள் நடுவில், காரணத்தைச் சொல்ல முடியாத நிலை பலருக்கு உண்டு. நீங்களும் கேட்காதீர்கள். "எனக்குக் குளிருது", "எனக்கு முட்டுது" – இந்த இரண்டுக்கும் யாரும் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை என்று ஆபீஸ் ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

மூச்சு முட்டுகிறது என்பதையும் லேசாக எடுக்காதீர்கள். பதினோரு பேர் விடும் மூச்சு மூடிய அறையில் ஒரு மணி நேரத்தில் கனத்துவிடும். தலைவலியும் கொட்டாவியும் வருவது நடிப்பல்ல. ஜன்னலைத் திறந்தால் சளி பிடிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சளி வைரஸால் வருகிறது, வைரஸுக்குப் பிடித்த இடம் மூடிய அறை. ஒருவருக்குத் தும்மல் வந்தால் வாரக் கடைசிக்குள் ஆறு பேர் லீவு போடுவது அதனால்தான். இந்தப் பருவத்தில் ஓதம் வேறு. ஈரம் உள்ளேயே நின்றால் சுவரில் பூஞ்சணம் ஏறும், ஃபைல்கள் வாடை அடிக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் அவதிப்படுவார்கள்.

ஆகவே ஜன்னல் திறக்கத்தான் வேண்டும், நாள் முழுக்கக் கால்வாசி திறந்து வைப்பதில்தான் தவறு. அப்படி வைத்தால் சுவரும் மேசையும் குளிர்ந்துபோய், மூடிய பிறகும் சூடேறாது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லா ஜன்னலையும் முழுக்கத் திறந்து ஐந்து நிமிஷம், பிறகு மூடுவது. காற்று மாறிவிடும், சுவர்ச் சூடு அவ்வளவாகப் போகாது. அந்த ஐந்து நிமிஷத்தை டீக்கு வைத்துக்கொண்டால் யாரும் உட்கார்ந்து நடுங்க வேண்டாம். மதியத்துக்கு மேல் குன்னூரில் மேகம் இறங்கும் என்பது இத்தனை மாதத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும். அது ஜன்னலை எட்டுவதற்குள் ஒருமுறை திறந்து மூடிவிடுவது நல்லது. பழைய கட்டடமென்றால் மேலே வென்டிலேட்டர் இருக்கும், பெரும்பாலும் பெயின்ட் அடித்து ஒட்டிப்போயிருக்கும். ஒரு தச்சரை வைத்து அதைப் பிரித்துவிட்டால் ஜன்னலைத் தொடாமலே காற்றுப் போகும். சூடான கெட்ட காற்று மேலேதான் போய் நிற்கிறது.

ஃபேன் ஹீட்டர் உங்களுக்கு உதவாமல் போனதற்கும் அந்த உயரக் கூரைதான் காரணம். சூடாக்கிய காற்றெல்லாம் கூரைக்கு ஏறிவிடுகிறது. போகிற வழியில் மேடத்தின் முகம் இருக்கிறது, உங்கள் கால் இருந்த இடத்திலேயே குளிர்ந்துகொண்டிருக்கிறது. இந்த மாதிரி அறையை முழுவதும் சூடாக்க நினைப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது. உங்களை மட்டும் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

காலிலிருந்து தொடங்குங்கள். சமவெளியிலிருந்து வருபவர்கள் ஸ்வெட்டர், ஷால், மங்கி கேப் என்று மேலே மேலே சுற்றிக்கொண்டு காலில் செருப்போடு வருவார்கள். சிமென்ட் தரை உள்ளங்கால் வழியாகச் சூட்டை உறிஞ்சும். மேசைக்குக் கீழே ஒரு மரப்பலகையோ கயிற்று மிதியடியோ போட்டுக் காலை அதன்மேல் வையுங்கள். கம்பளி சாக்ஸ், மூடிய ஷூ. மழையில் நனைந்து வந்தால் மாற்ற டிராயரில் ஒரு ஜோடி சாக்ஸ் எப்போதும் இருக்கட்டும். ஈரச் சாக்ஸோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் எந்த ஹீட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே ஒரு தெர்மல், அதற்குமேல் ஸ்வெட்டர். கனமான ஸ்வெட்டர் ஒன்று அறையின் சூட்டை இரண்டு டிகிரி கூட்டியதற்குச் சமம். ஊட்டி தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர் கடைகளில் நல்லதாகக் கிடைக்கும், பேரம் பேசுங்கள்.

விரலுக்கு, நுனி வெட்டிய கம்பளிக் கையுறை. மடியில் வெந்நீர்ப் பை. கெட்டிலில் சுடவைத்து, கொதி அடங்கிய பிறகு ஊற்றி, துண்டில் சுற்றி வைத்தால் இரண்டு மணி நேரம் வரும். மின்சாரம்தான் வேண்டுமென்றால், காலுக்கு வைக்கும் சூட்டு மெத்தைகள் நூறு வாட்ஸ் அளவில் கிடைக்கின்றன. உங்கள் ஹீட்டர் எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு. யார் முகத்திலும் ஊதாது.

"குளிருகிறவர் இன்னொரு துணி போட்டுக்கொள்ளலாம், சூடாக இருப்பவர் எதைக் கழற்றுவார்?" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி, முகத்துக்கும் விரலுக்கும் ஸ்வெட்டர் போட முடியாது என்பது. எல்லாச் சுமையும் குளிருகிறவர் தலையில்தான் என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். இருக்கையை மாற்றித் தருவது ஆபீஸின் பங்கு. காற்று வேண்டும் என்பவர் ஜன்னலுக்கு, குளிர் ஆகாதவர் உள்ளே. மேடமும் நீங்களும் இடம் மாறினாலே இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது என்று தோன்றுகிறது. அலுவலகங்களில் இந்த யோசனையைச் சொல்லும்போது எதிர்ப்பு வருவது குளிரால் அல்ல, "அது சீனியர் சீட்" என்பதால். அதனால் கேட்கிற விதம் முக்கியம். எல்லார் முன்னாலும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். மதியம் சாப்பிட்டு எழும்போது தனியாக,

"மேடம், ஹீட்டர் வைக்கும்போது உங்களைக் கேட்டிருக்கணும், கேட்கலை. அந்தச் சூடு உங்க முகத்துல அடிக்குதுன்னு இப்பதான் தெரியுது, எடுத்துடறேன். ஜன்னலை மணிக்கு ஒருதடவை நல்லா திறந்து வைப்போம். மத்த நேரம் மூடிக்கலாமா? இல்லைன்னா நாம சீட் மாத்திக்கலாமா, உங்களுக்கு ஜன்னல் கிடைக்கும்."

இவ்வளவு போதும். பிளக் விஷயத்தை அன்றைக்கு எடுக்காதீர்கள். மறுபடி பிடுங்கினால் அப்போது நேராகச் சொல்லலாம்: "அணைக்கச் சொன்னா நானே அணைப்பேன் மேடம், நான் இல்லாதப்ப தொடாதீங்க."

கேலி செய்யும் சாருக்கு விளக்கம் தேவையில்லை. பிறந்ததிலிருந்து இந்தக் குளிரில் இருப்பவர் உடம்பு பழகியிருக்கும், உங்களுடையதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். அவரைச் சித்திரையில் தூத்துக்குடிக்கு அழைத்துப்போய் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம். பட்டப்பெயர் மட்டும் நிற்க வேண்டும். ஒருமுறை, சிரிக்காமல், "சார், அந்தப் பேர் எனக்குப் பிடிக்கலை, விட்டுடுங்க" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் அது குளிர்த் தகராறு அல்ல, மேனேஜரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டிய விஷயம்.

பேசாமல் இருக்கும் ஆபீஸ் அசிஸ்டென்ட்டை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்று முதலில் அடிப்பது அவர்மேல். குளிர் அதிகம் படுபவர் அவராகக்கூட இருக்கலாம். கதவுக்கு ஒரு தானியங்கி மூடியும், உள்பக்கம் ஒரு கனமான திரையும் போட்டால் அவருக்கும் அறைக்கும் சேர்த்து உதவும்.

மேனேஜரிடம் இனிமேல் "குளிருது சார்" என்று போகாதீர்கள். அதற்கு அவர் என்ன செய்வார்? தெர்மாமீட்டர் குறிப்போடும் ஒரு பக்கக் கடிதத்தோடும் போங்கள். ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை, கதவுக்குத் திரை, வென்டிலேட்டர் பழுது, எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு தனி பவர் லைன், அதில் பொதுவாக ஓர் ஆயில் ஹீட்டர். ஆயில் ஹீட்டர் மெதுவாகச் சூடேறும், ஆனால் ஊதாது, கம்பி சிவக்காது. காலையில் ஆட்கள் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் கல்லின் முதல் குளிர் உடையும். ஒவ்வொன்றுக்கும் கடையில் விலை விசாரித்துப் பக்கத்தில் எழுதுங்கள். 2,000 வாட்ஸ் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் 16 யூனிட் என்பதையும் எழுதுங்கள். ரப்பர் பட்டை எவ்வளவு மலிவு என்று அவருக்கே தெரியும். கையெழுத்து உங்களுடையது மட்டும் வேண்டாம். மேடமும் போட்டால் மிகவும் நல்லது, காற்று வேண்டும் என்பதும் அதில்தானே இருக்கிறது.

அதற்கும் இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பலாம், மேனேஜருக்கு நகலோடு. யார் பிளக்கைப் பிடுங்கினார் என்பதெல்லாம் அதில் வேண்டாம். ஏசியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும், மின்சாரமும் தீயும் என்று எழுதியிருந்தால் படிப்பார்கள்.

உங்கள் உடம்பைப் பற்றியும் ஒன்று. வெயில் அடிக்கும் மதியத்திலும், மற்றவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றிய பிறகும் உங்களுக்கு மட்டும் குளிர்கிறதா? கூடவே களைப்பு, முடி கொட்டுவது, எடை கூடுவது, மாதவிடாயில் அதிகப் போக்கு என்று ஏதாவது இருந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். நம் பெண்களுக்கு ரத்தசோகை மிகவும் சாதாரணம், அதன் முதல் புகாரே குளிராக இருக்கலாம். விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து வலித்தால் அது வேறு, தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த சார் சொன்னதில் ஒன்று உண்மை, டிசம்பர் கடைசியும் ஜனவரியும் இதைவிட மோசம். எலக்ட்ரீஷியன் அதற்கு முன் வந்துபோக வேண்டும். கடிதத்தை இந்த வாரமே கொடுங்கள்.